கரிசல் மண்ணில் முடிவெடுக்கும் மூளை

மனிதர் எப்படி முடிவெடுக்கிறார் என்பதை ஆராயும் அறிவியல் நெடுங்காலம் மூடிய அறைக்குள்ளேயே நடந்தது. கல்லூரி மாணவர் ஒருவர் கணினித் திரையின் முன் உட்காருவார். இடது பொத்தானை அழுத்தினால் உறுதியாக ஒரு சிறு தொகை கிடைக்கும். வலது பொத்தானை அழுத்தினால் பெருந்தொகை கிடைக்கலாம், ஒன்றுமே கிடைக்காமலும் போகலாம். அந்த அழுத்தல்களை எண்ணி மனித இயல்பைப் பற்றிய முடிவுகள் எழுதப்பட்டன. திருச்சி–சென்னை தேசிய நெடுஞ்சாலையில் பாடாலூரைத் தாண்டி, ஆலத்தூர் கேட்டில் பிரிந்து செட்டிகுளம் போகிறவர்களுக்கு அந்தச் சோதனையின் போதாமை சட்டென்று விளங்கும்.

பெரம்பலூர் மாவட்டத்தின் இந்தப் பக்கம் சின்ன வெங்காயத்துக்குப் பேர்போனது. பிடுங்கிய வெங்காயத்தை உடனே வியாபாரிக்குப் போடலாம். இல்லையென்றால் வயலோரத்தில் காற்றோட்டமாகப் பட்டறை போட்டு, கீற்று வேய்ந்து, விலை ஏறும்வரை வைத்திருக்கலாம். வைத்தால் எடை குறையும், அழுகல் விழும், மழை வந்தால் முளைவிடும். வைக்காமல் விற்றுவிட்டால் அடுத்த நடவுக்கு விதை வெங்காயத்தை இருமடங்கு விலை கொடுத்து வாங்க நேரலாம். இந்த முடிவு ஒரு நொடியில் எடுக்கப்படுவதில்லை. பட்டறைக்குள் கையை விட்டு அடி வெங்காயத்தின் சூட்டைப் பார்ப்பது, விரலால் அழுத்திப் பார்ப்பது, வாசனை பிடிப்பது, வடக்கே மேகம் கட்டுகிறதா என்று நிமிர்ந்து பார்ப்பது, வீட்டில் கேட்பது, கமிஷன் மண்டிக்குப் போன் போடுவது எல்லாம் அதற்குள் அடக்கம். கையும் மூக்கும் கண்ணும் அடுத்தவர் சொல்லும் சேர்ந்துதான் முடிவு உருவாகிறது. இரண்டு பொத்தான்களில் இதில் எதுவும் இல்லை.

இந்தக் குறையை முதலில் உணர்ந்து வயலுக்கு வந்தவர்கள் பொருளியலாளர்கள். 1970-களின் பிற்பகுதியில் ஹான்ஸ் பின்ஸ்வாங்கர், ஐதராபாத்தை அடுத்த இக்ரிசாட் ஆய்வு நிறுவனத்தின் சார்பில் மகாராஷ்டிரத்திலும் ஆந்திரத்திலும் மானாவாரிக் கிராமங்களில் 240 குடும்பங்களோடு ஒரு பந்தய விளையாட்டை நடத்தினார். தலையா பூவா போட்டு, விழுவதற்கேற்ப உண்மையான பணம் கொடுக்கப்பட்டது. ஐம்பது காசில் தொடங்கி, ஐந்து ரூபாய், ஐம்பது ரூபாய் என்று தொகை படிப்படியாக ஏறியது. 1980-ல் வெளியான முடிவில் இரண்டு செய்திகள் முக்கியமானவை. ஒன்று, தொகை பெரிதாகப் பெரிதாக ஏழை, வசதியானவர் என்ற வேறுபாடு அதிகமில்லாமல் கிட்டத்தட்ட எல்லோரும் மிதமான எச்சரிக்கையோடே நடந்தார்கள். மற்றொன்று, 'நீங்கள் துணிந்து இறங்குவீர்களா?' என்று வாய்வார்த்தையாகக் கேட்டுப் பெற்ற பதில்களும் காசு கையில் இருக்கும்போது அவர்கள் செய்ததும் பொருந்தவில்லை. மக்கள் சொல்வதைவிடச் செய்வதைப் பார்க்க வேண்டும் என்ற பாடம் இந்திய மானாவாரி நிலத்திலேயே கிடைத்துவிட்டது. மூளையை அளக்கும் கருவிகள் அதன் பிறகே இந்தத் துறையில் பரவலாயின.

செட்டிகுளத்திலிருந்து நெடுஞ்சாலைக்குத் திரும்பி வடக்கே போனால் சிறுவாச்சூர். மதுரகாளியம்மன் கோயில் வழக்கமாகத் திங்களும் வெள்ளியும் மட்டுமே திறந்திருப்பதால் அந்த இரு நாட்களில் சாலையே நிரம்பிவிடும். பெண் பார்ப்பது, கிணறு வெட்டுவது, கடன் வாங்குவது போன்ற பெரிய முடிவுகளைத் தெய்வத்திடம் ஒப்படைக்கும் பழக்கம் தமிழ்நாட்டு ஊர்களில் இன்றும் உண்டு. சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் பொட்டலம் கட்டிப் போட்டு, குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். ஆய்வுப் படிவங்கள் இதை மூடநம்பிக்கை என்ற பெட்டியில் போட்டு நகர்ந்துவிடுகின்றன. அது அவசரமான முடிவு. இரண்டு பக்கமும் எடை சமமாக நிற்கும்போது, பிறகு ஒருவர்மேல் ஒருவர் பழி போட்டுக்கொள்ளாமல் குடும்பம் முழுவதும் ஏற்றுக்கொள்ளும் முடிவுக்கு வர இது ஒரு வழி. முடிவெடுப்பவர் எப்போதும் தனிமனிதரே என்ற ஆய்வுக்கூட அனுமானத்தை இந்தப் பூப்பொட்டலம் கேள்விக்குள்ளாக்குகிறது.

பெரம்பலூரில் பருத்திப் பருவத்தில் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் மறைமுக ஏலம் நடக்கிறது. விவசாயிகள் பருத்தியைக் குவித்து வைப்பார்கள். வியாபாரிகள் ஒவ்வொரு குவியலையும் பார்த்து, தாங்கள் தரும் விலையைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுவார்கள். பிறகு விலை அறிவிக்கப்படும். எண் காதில் விழும் அந்தக் கணத்தில் மூளையில் என்ன நடக்கிறது என்பது ஓரளவு தெரிந்த செய்தி. 2002-ல் வில்லியம் கெரிங், ஏட்ரியன் வில்லோபி என்ற இரு ஆய்வாளர்கள் சூதாட்டச் சோதனை ஒன்றில் கலந்துகொண்டவர்களின் மூளை மின்னலைகளைப் பதிவு செய்தனர். முடிவு தெரிந்த ஏறத்தாழ 265 மில்லிவிநாடியில், அதாவது கால் விநாடி கழிந்ததும், நெற்றிக்குப் பின்னால் நடுக்கோட்டில் ஓர் எதிர்மின் அலை எழுந்தது. இழப்பு வந்தபோது அது பெரிதாகவும் லாபத்தின்போது சிறிதாகவும் இருந்தது. 'போச்சே' என்று வாய் திறப்பதற்கு வெகு முன்பே மூளை கணக்கு எழுதிவிடுகிறது.

இத்தகைய வேகமான மாற்றத்தைப் பிடிப்பது ஈ.ஈ.ஜி. என்ற மூளை மின்னலைப் பதிவு. ஜெர்மனியின் யேனா நகரில் ஹான்ஸ் பெர்கர் 1924-ல் மனித மூளையின் மின்னலையை முதன்முதலாகப் பதிந்தார். 1929-ல் அதை வெளியிட்டார். தலைத்தோலின் மேல் ஒட்டிய மின்முனைகள் மைக்ரோவோல்ட் அளவில், அதாவது வோல்ட்டில் பத்து லட்சத்தில் சில பங்கு அளவில், மின்னழுத்த மாற்றத்தை உணர்கின்றன. நேரத்தை மிகத் துல்லியமாகச் சொல்லும். மூளையின் எந்த இடம் என்பதைத் துல்லியமாகச் சொல்லாது. எஃப்.எம்.ஆர்.ஐ. இதற்கு நேர்மாறு. இடத்தை மில்லிமீட்டர் அளவில் காட்டும், ஆனால் ரத்த ஓட்டத்தின் வழியாக அளப்பதால் சில விநாடி பின்தங்கும். அதிலும் ஆள் காந்தக் குழாய்க்குள் அசையாமல் படுத்திருக்க வேண்டும். படுத்தபடி யாரும் வெங்காயம் விற்பதில்லை. மூன்றாவது வழி எஃப்.என்.ஐ.ஆர்.எஸ்.: அகச்சிவப்புக்கு அண்மையிலுள்ள ஒளியை மண்டையோட்டின் வழியே செலுத்தி, திரும்பி வரும் ஒளியைக் கொண்டு ரத்தத்தின் ஆக்சிஜன் அளவை அறிவது. இதை அணிந்தபடி நடக்கலாம்.

கலப்பு மெய்ம்மை இந்த இடத்தில்தான் உள்ளே வருகிறது. பால் மில்கிராம், ஃபூமியோ கிஷினோ இருவரும் 1994-ல் எழுதிய கட்டுரையில் இதற்கு வரையறை கொடுத்தார்கள். ஒரு முனையில் முழு நிஜ உலகம், மறுமுனையில் முழுக்கக் கணினி படைத்த உலகம், இடையில் இரண்டும் பல விகிதங்களில் கலந்த நிலைகள். 2016-ல் வந்த மைக்ரோசாஃப்ட் ஹோலோலென்ஸ் ஒளி ஊடுருவும் கண்ணாடியில் படத்தை மிதக்கவிட்டது. 2023-ல் வந்த மெட்டா குவெஸ்ட் 3, வெளியுலகைக் கேமராவில் பிடித்துக் கண்முன் காட்டி அதன்மேல் படத்தைப் பொருத்துகிறது. முழு மெய்நிகர் உலகுக்குள் தள்ளப்பட்டவர் தன் கையையே பார்க்க முடியாது. கலப்பு மெய்ம்மையில் தன் கை, தன் தரை, பக்கத்தில் நிற்கும் ஆள் எல்லாமே இருக்கும். ஆய்வாளர் மாற்ற விரும்பும் ஒன்று மட்டும் கணினியிலிருந்து வரும். முடிவெடுத்தலை ஆராய்வதற்கு இதைவிடப் பொருத்தமான கருவி இதுவரை கைக்கு வந்ததில்லை. சூழலை அப்படியே விட்டுவிட்டு, அதில் ஒரே ஒரு காரணியை மட்டும் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி மாற்றலாம்.

இதன் வலிமையைக் காட்ட ஹாம்பர்க் நகர ஆய்வாளர்கள் 2017-ல் வெளியிட்ட சோதனை ஒன்று போதும். எலிகளின் பயத்தை அளக்கப் பயன்படும் சிலுவை வடிவப் பாதையை மனிதருக்கு ஏற்ற அளவில் மரத்தில் செய்தார்கள். உண்மையில் அது தரையிலிருந்து சற்றே உயர்ந்திருந்த மரத்தளம். ஹெட்செட்டில் தெரிந்ததோ, நீர்ப்பரப்புக்கு மேலே உயரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பாதை. காலுக்கடியில் உண்மை மரம் தட்டுப்பட்டதால் உடல் அந்தக் காட்சியை நம்பியது. பயம் மிகுந்தவர்கள் திறந்த முனைகளுக்குப் போகாமல் ஒதுங்கினார்கள். பிளிமத் பல்கலைக்கழகத்தில் 2016-ல் செய்த வேறொரு ஆய்வும் நினைவில் வைக்கத் தக்கது. பாலத்தின் மேலிருந்து ஒருவரைத் தள்ளினால் கீழே ஐந்து பேர் பிழைப்பார்கள் என்ற பழைய அறக்கேள்வியைத் தாளில் கொடுத்தபோது பெரும்பாலோர் தள்ள மாட்டோம் என்றனர்; மெய்நிகர் காட்சிக்குள் நிறுத்தியபோது தள்ளியவர்களே மிகுதி. பின்ஸ்வாங்கர் கிராமத்தில் கண்டதும் இதுவே: சொல் வேறு, செயல் வேறு.

நடமாடும் மனிதரின் மூளையையும் உடலையும் சேர்த்தே அளக்கும் முறையை சான் டியேகோவில் ஸ்காட் மேக்கிக்கும் பெர்லினில் கிளாஸ் கிராமனும் வளர்த்தெடுத்தனர். மின்னலை, கண் போகும் திசை, கை கால் அசைவு, இதயத் துடிப்பு ஆகிய நான்கும் ஒரே கடிகாரத்தில் பதிய வேண்டும் என்பது இதன் அடிப்படை விதி. 265 மில்லிவிநாடியில் எழும் அலையைத் தேடும்போது ஹெட்செட்டின் நேரமும் ஈ.ஈ.ஜி.யின் நேரமும் சிறிது பிசகினாலும் பதிவு முழுக்க வீண்.

பெரம்பலூருக்கு வடக்கே எறையூரில் அரசின் பெரம்பலூர் சர்க்கரை ஆலை இருக்கிறது. அரவைப் பருவத்தில் கரும்பு ஏற்றிய டிராக்டர்களும் லாரிகளும் வரிசை கட்டும். கரும்பு விவசாயி தன் விருப்பப்படி வெட்ட முடியாது. ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வர வேண்டும். ஆலையின் அரவைத்திறனுக்கு ஏற்ப ஒருவருக்கு முன்பும் ஒருவருக்குப் பின்பும் உத்தரவு வரும். பணமும் அப்படியே. இந்தக் காத்திருப்பையே இயற்கையான சோதனையாகப் பயன்படுத்திக்கொண்ட ஆய்வு தமிழ்நாட்டில்தான் நடந்தது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷாஃபிர், ஜியாயிங் ஜாவ் நால்வரும் விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 54 ஊர்களில் 464 கரும்பு விவசாயிகளைச் சந்தித்து, 2013-ல் 'சயின்ஸ்' இதழில் முடிவை வெளியிட்டனர். அதே விவசாயி, அறுவடைக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை. ரேவன் படப் புதிர்களில் அறுவடைக்கு முன் சராசரியாக 4.35 சரியான விடைகள், பின் 5.45. கவனத்தைச் சோதிக்கும் எண் பயிற்சியை முடிக்க முன்பு 146 விநாடி ஆனது, பின்பு 131. அறுவடைக்கு முன் ஏதாவது ஒரு பொருளை அடகு வைத்திருந்தவர்கள் 78 விழுக்காடு. பின் 4 விழுக்காடு.

ஆளும் அதே ஆள், படிப்பும் அதே படிப்பு. மாறியது கையிலிருந்த காசு ஒன்றே. பற்றாக்குறை மனத்தின் ஒரு பகுதியை எப்போதும் பிடித்து வைத்துக்கொள்கிறது என்று ஆய்வாளர்கள் விளக்கினர். ஒரே புதிரை இரண்டாம் முறை செய்வதால் வந்த தேர்ச்சியோ என்ற ஐயத்தைப் போக்க, ஒரு பகுதியினரை அறுவடைக்குப் பின் மட்டும் முதன்முறையாகச் சோதித்தும் பார்த்தனர். இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் ஒரு பிரிவினரிடம் அளந்தனர்; அவை அறுவடைக்குப் பின் குறைந்திருந்தன, ஆனால் மன அழுத்தம் மட்டுமே முழு வேறுபாட்டையும் விளக்கவில்லை. மூளை அலைகள் அந்த ஆய்வில் பதியப்படவில்லை. எறையூர் வரிசையில் நிற்கும் ஒருவரிடம் அடுத்துக் கேட்க வேண்டிய கேள்வி அங்கேதான் இருக்கிறது: காத்திருப்பின்போது ஆதாயத்தையும் இழப்பையும் மூளை எடைபோடும் விதமே மாறுகிறதா, அல்லது எடைபோடக் கிடைக்கும் கவனம் மட்டும் குறைகிறதா? இரண்டுக்கும் தீர்வு வேறுவேறு. முன்னதற்கு ஆலோசனை உதவலாம். பின்னதற்கு நிலுவைத் தொகையை நேரத்தோடு கொடுப்பதைத் தவிர மருந்தில்லை.

தமிழ்நாட்டுக் கிராமங்களுக்கு ஈ.ஈ.ஜி. போகாமல் இல்லை. நரம்பியல் படித்தவரும், மதுரா மைக்ரோ ஃபைனான்ஸ் என்ற குறுங்கடன் நிறுவனத்தின் தலைவராக இருந்தவருமான தாரா தியாகராஜன், தான்யா பரமேஸ்வரனுடன் சேர்ந்து மாநிலத்தின் 48 குடியிருப்புகளில் 402 பேரின் மூளை அலைகளைப் பதிந்தார். சில நூறு பேர் வாழும் குக்கிராமம் முதல் பெருநகரம் வரை அதில் அடங்கும். பயன்பட்டது 14 மின்முனைகள் கொண்ட எமோட்டிவ் எபாக் ஹெட்செட். உப்புநீரில் நனைத்த பஞ்சுமுனைகள் தலையில் படும், மருத்துவமனையில் பூசும் பசை தேவையில்லை. கண்ணை மூடி அமைதியாக உட்காரும்போது எழும் ஆல்ஃபா அலை எல்லா மனிதருக்கும் பொதுவானது என்று பாடநூல்கள் சொல்லி வந்தன. அந்த அலையின் வலிமை வருமானம், வெளியூர்ப் போக்குவரத்து, தொலைத்தொடர்பு வசதி ஆகியவற்றோடு சேர்ந்து மாறுவதை 2017-ல் வெளியான முடிவுகள் காட்டின. சும்மா இருக்கும் மூளையே இவ்வளவு மாறுமானால், அமெரிக்க மாணவரின் அலையை வைத்து மானாவாரி விவசாயியின் முடிவை விளக்குவது தவறாகத்தான் முடியும். உளவியலின் பெரும்பகுதி மேலை நாடுகளின் படித்த, வசதியான ஒரு சிறு கூட்டத்தை வைத்தே எழுதப்பட்டது என்று ஜோசஃப் ஹென்ரிச்சும் அவரது சகாக்களும் 2010-லேயே எச்சரித்திருந்தனர்.

வெயிலில் நின்று அளப்பதற்கென்று தனிச் சிரமங்கள் உண்டு. எண்ணெய் தேய்த்த தலையில் மின்முனை சரியாகப் பற்றாது. அடர்ந்த கறுத்த முடி எஃப்.என்.ஐ.ஆர்.எஸ். ஒளியை விழுங்கிவிடும். பின்னலும் கொண்டையும் பின்தலை முனைகளைத் தூக்கிவிடும். வியர்வை வழிந்தால் மின்னலைக் கோடு மெல்ல ஏறி இறங்கும். வெற்றிலை மெல்லும் தாடைத் தசையின் மின்சாரம் மூளையின் மின்சாரத்தைப் பல மடங்கு மூழ்கடிக்கும். சித்திரை வெயிலில் ஹோலோலென்ஸ் கண்ணாடியில் மிதக்கும் படம் வெளிறிப்போகும். இவற்றுக்காகவே விடியற்காலையிலோ பொழுது சாய்ந்த பிறகோ கூரை நிழலில் பதிவு வைக்க வேண்டியிருக்கும். முடியில்லாத நெற்றியில் மட்டும் முனைகளை வைப்பது ஒரு சமாளிப்பு. திட்டமிடுதலோடும் தன்னைக் கட்டுப்படுத்துவதோடும் தொடர்புள்ள மூளையின் முன்பகுதி அதற்குப் பின்னாலேயே இருப்பதால் முடிவெடுத்தல் ஆய்வுக்கு அது ஓரளவு போதுமானது.

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் சாலையில் இருபுறமும் மக்காச்சோளமும் பருத்தியும். 2018-ல் படைப்புழு வந்து மக்காச்சோளத்தைக் குருத்தோடு தின்றது இந்த வயல்களில்தான். அதற்கு முந்தைய ஆண்டு பருத்திக்குப் பூச்சிமருந்து தெளித்த விவசாயிகள் சிலர் பெரம்பலூர் மாவட்டத்தில் உயிரிழந்தார்கள். ஆளுயரச் செடிக்கு நடுவே முகக்கவசமும் கையுறையும் இல்லாமல் தெளித்தால் மருந்து மூச்சில் ஏறும் என்பது தெளிப்பவருக்குத் தெரியாததல்ல. கவசம் போட்டால் புழுங்கும், கண் மங்கும், வேலை தாமதமாகும். கூலி நாளுக்கு இவ்வளவு என்றில்லாமல் டேங்க் கணக்கில் வரும் இடங்களில் தாமதம் என்றால் காசு. கலப்பு மெய்ம்மை உயிர்காக்கும் வேலையைச் செய்யக்கூடிய இடம் இது. வெறும் தண்ணீர் நிரப்பிய உண்மையான தெளிப்பானை முதுகில் மாட்டி, மருந்துத் துளிகள் காற்றில் போகும் தடத்தை மட்டும் கண்ணாடியில் காட்டலாம். கவசத்தைக் கழற்றும் கணம் எது, அதற்கு முன் கண் எங்கே போயிற்று, இதயம் எப்படித் துடித்தது என்று பார்க்கலாம். ஒருவர் உடம்புக்கும் தீங்கில்லாமல் ஆபத்தான முடிவு ஒன்றை நூறு முறை ஆராய இதைவிட நல்ல வழி இல்லை.

அரியலூர் நெருங்க நெருங்க மண் வெளுக்கிறது. கிரெட்டேசியக் காலத்தில் கடலாக இருந்த நிலம். அம்மோனைட் சுருள்களும் சிப்பிகளும் சுண்ணாம்புப் பாறையில் பதிந்து கிடக்கின்றன. வாரணவாசியில் அவற்றுக்காகப் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல்லே இன்றைய சிமெண்ட் ஆலைகளுக்குத் தீனி. கல் ஏற்றிய லாரிகள் வி.கைகாட்டி வழியாகவும் ஊர்ச் சாலைகள் வழியாகவும் ஓயாமல் ஓடுகின்றன. விபத்துகளும் அவற்றை எதிர்த்த சாலை மறியல்களும் இந்த மாவட்டத்தின் பழைய வேதனை. இரண்டு லாரிகளுக்கு இடையில் சைக்கிளோடு சாலையைக் கடக்கலாமா என்பது பள்ளிப் பிள்ளைகள் தினமும் எடுக்கும் முடிவு. புழுதிக்குள் வரும் பெரிய வண்டியின் வேகத்தைக் கண் குறைத்தே மதிப்பிடும் என்பதால் அது உண்மையிலேயே கடினமான கணக்கு. சாலை கடத்தலை மெய்நிகர் காட்சியில் ஆராயும் வேலை உலகின் பல நாடுகளில் நடக்கிறது. பள்ளி மைதானத்தில் கோடு போட்டு, அதன்மேல் மெய்நிகர் லாரியை ஓடவிட்டுப் பார்த்தால் கிடைக்கும் முடிவு, வேகத்தடையை எங்கே போடுவது, லாரிகளை எந்த மணியில் நிறுத்துவது என்பதற்கு நேரடியாகப் பயன்படும்.

இதற்கான திறன் நாட்டுக்குள்ளேயே இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் மணிவண்ணன் வழிநடத்தும் அனுபவத் தொழில்நுட்ப மையம் மெய்நிகர் கருவிகளிலும் தொடு உணர்வுக் கருவிகளிலும் பணியாற்றுகிறது. இமாசலத்தின் மண்டி ஐ.ஐ.டி.யில் வருண் தத் குழுவினர் நிலச்சரிவு பற்றிய கணினி விளையாட்டு ஒன்றை உருவாக்கினர். சரிவைத் தடுக்க எவ்வளவு பணம் போடுவது என்று ஆடுபவர் முடிவெடுக்க வேண்டும். இழப்பை அழுத்தமாகக் காட்டியபோது மக்கள் அதிகமாகப் பணம் ஒதுக்கக் கற்றுக்கொண்டனர். இமயமலையின் சரிவுக்குச் செய்ததை அரியலூர் லாரிக்குச் செய்யத் தடையேதும் இல்லை.

அளப்பதற்கு முன் அனுமதி பெற வேண்டும். சிலி நாடு 2021-ல் மூளைச் செயல்பாட்டையும் அதிலிருந்து பெறும் தகவலையும் பாதுகாக்கத் தன் அரசியலமைப்பையே திருத்தியது. இந்தியாவில் ஐ.சி.எம்.ஆர். 2017-ல் வெளியிட்ட நெறிமுறைகளும் 2023-ன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் உண்டு. கையெழுத்து வாங்குவது மட்டும் ஒப்புதல் ஆகாது. ஒருவர் எந்தச் சலுகையைக் கண்டால் சபலப்படுவார் என்று சொல்லும் பதிவு, விதைக் கம்பெனிக்கோ கடன் கொடுப்பவருக்கோ போய்ச் சேர்ந்தால் அது அவருக்கு எதிரான ஆயுதம். கூலி இழந்து வந்து உட்காருபவருக்கு அன்றைய கூலியைக் கொடுப்பதும், முடிவைத் தமிழில் அதே ஊரில் வந்து சொல்வதும் ஆய்வின் பகுதியாகவே திட்டத்தில் எழுதப்பட வேண்டும்.

அரியலூருக்குக் கிழக்கே, முந்திரிக் காடுகளுக்கு நடுவே ஜெயங்கொண்டம். பழுப்பு நிலக்கரி மின்திட்டத்துக்காக 1990-களின் பிற்பகுதியில் இதன் சுற்றுவட்டாரக் கிராமங்களில் ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலம் எடுக்கப்பட்டது. இழப்பீட்டு வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நடந்தன. திட்டம் கடைசிவரை வரவில்லை, கைவிடப்பட்டு நிலத்தைத் திருப்பித் தரும் முடிவும் எடுக்கப்பட்டது. அத்தனை ஆண்டுகள் தன் நிலத்தில் கிணறு வெட்டலாமா, கன்று நடலாமா என்று தெரியாமல் இருந்த ஒருவரிடம் ஹெட்செட்டை மாட்டி, இன்று நூறு ரூபாயா, ஆறு மாதம் கழித்து இருநூறா என்று கேட்டால் அவர் இன்றே கொடுங்கள் என்பார். மின்னலைப் பதிவில் அது பொறுமையின்மையாகத் தெரியும். காத்திருந்து ஏமாந்தவர் எடுக்கும் சரியான முடிவு அது. ஆகவே இந்த வட்டாரத்தில் இத்தகைய ஆய்வு செய்ய வருபவர்கள் ஒவ்வொரு ஆளின் ஈ.ஈ.ஜி. கோப்போடும் அவருடைய நிலத்தின் கதையையும் கடனின் கணக்கையும் வெட்டு உத்தரவின் தேதியையும் சேர்த்தே பதிந்து வைக்க வேண்டும்.